கடைசி ஊர் வரை மலிவு, உச்சிக்குத் தனிவிலை: ஆல்ப்ஸ் மலை ரயில் கட்டணங்களின் கணக்கு

சுவிட்சர்லாந்தில் மூன்று நான்கு நாள் தங்கி ஆல்ப்ஸ் மலையைப் பார்த்துவர எண்ணும் பயணிக்கு, விமானச் செலவுக்கும் தங்கும் விடுதி வாடகைக்கும் அடுத்தபடியாகக் கையைக் கடிப்பது ரயில் கட்டணமே ஆகும். கட்டணப் பட்டியலைப் புரட்டும் எவரும் முதலில் மலைத்துப்போவது இயல்புதான். ஆனால் அந்தப் பட்டியலில் உள்ள முழுக்கட்டணத்தை அந்நாட்டு மக்களில் பெரும்பாலோர் செலுத்துவதில்லை என்பதும், வெளிநாட்டுப் பயணியும் அதைச் செலுத்த வேண்டிய கட்டாயம் இல்லை என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. மலிவான சீட்டை எந்த இணையதளத்தில், எந்த நாளில் வாங்குவது என்று தேடி அலைவதைவிட, அங்கே கட்டணம் எந்த இடத்தில், எந்தக் காரணத்தால் கூடுகிறது என்பதைப் புரிந்துகொள்வதே செலவைக் குறைக்கும் வழியாகும்.

ஒரே சீட்டில் பல நிறுவனங்கள்

1898ஆம் ஆண்டு நடந்த பொதுவாக்கெடுப்பில் பெரிய தனியார் ரயில் நிறுவனங்களை நாட்டுடைமையாக்க சுவிஸ் மக்கள் ஒப்புதல் அளித்ததையடுத்து, 1902இல் சுவிஸ் கூட்டாட்சி ரயில்வே செயல்படத் தொடங்கியது. ஆயினும் எல்லாப் பாதைகளும் அதன் கைக்கு வந்துவிடவில்லை. மலைப்பகுதிகளில் ஓடும் குறுகிய பாதைகளில் பெரும்பாலானவற்றை மாநில அரசுகளும் ஊராட்சிகளும் தனியாரும் பங்குதாரர்களாக உள்ள சிறு நிறுவனங்கள் நடத்துகின்றன. இத்தகைய சுமார் 250 ரயில், பேருந்து, படகு நிறுவனங்கள் ஒரு பொதுக் கட்டண ஒப்பந்தத்தில் இணைந்திருப்பதால், ஜூரிக் நகரில் ஒரு சீட்டு வாங்கிய பயணி, வழியில் இரண்டு மூன்று நிறுவனங்களின் வண்டிகளில் மாறி ஏறினாலும் வேறு சீட்டு வாங்க வேண்டியதில்லை.

இந்தப் பொதுக் கட்டணம் செல்லும் வழித்தடத்தையும் தூரத்தையும் பொறுத்தது. எத்தனை நாள் முன்னதாக வாங்கப்பட்டது என்பதோ, வண்டியில் எவ்வளவு கூட்டம் என்பதோ அதை மாற்றுவதில்லை. சாதாரண உள்நாட்டு வண்டிகளில் இருக்கை முன்பதிவு தேவையில்லை. வாங்கிய சீட்டு குறிப்பிட்ட வண்டிக்கென்று இல்லாமல் அந்த வழித்தடத்தில் அன்று முழுவதும் ஓடும் எந்த வண்டிக்கும் பொருந்தும். இடையில் ஓர் ஊரில் இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு அடுத்த வண்டியில் பயணத்தைத் தொடரலாம். 1982 முதல் நாடு முழுவதும் ஒரே சீரான இடைவெளியில், பெரும்பாலும் மணிக்கு ஒன்று அல்லது இரண்டு என்ற கணக்கில் வண்டிகள் இயங்குவதால், ஒரு வண்டியைத் தவறவிட்டாலும் அடுத்தது விரைவில் வந்துவிடும். இந்திய ரயில் பயணிக்குப் பழகிப்போன காத்திருப்போர் பட்டியலும் தத்கால் பரபரப்பும் அங்கே இல்லை. ஆகவே, முன்கூட்டியே வாங்காவிட்டால் சீட்டு கிடைக்காமல் போய்விடும் என்ற அச்சத்தில், தேவைக்கு மிகுந்த பலநாள் பாஸ்களை ஊரிலிருந்தே வாங்கிக்கொண்டு புறப்படுவது வீண்செலவுக்கு வழிவகுக்கும். ஆனால் ஏறிய பின் வண்டியிலேயே சீட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணிவிடலாகாது. ஏறும் முன்பே சீட்டு கையில் இருக்க வேண்டும் என்பது விதி. மீறினால் அபராதம் உண்டு.

கட்டணம் கூடும் எல்லை

சுற்றுலாப் பயணிகளைக் குழப்புவது, ஒரே மலையில் சுவிஸ் டிராவல் பாஸ் எனப்படும் பலநாள் பாஸ் ஓரிடம் வரை செல்லுபடியாகி, அடுத்த நிலையத்திலிருந்து செல்லாமல் போவதே ஆகும். இதற்கான விடை சுவிஸ் அரசு பொதுப்போக்குவரத்துக்கு உதவித்தொகை வழங்கும் முறையில் இருக்கிறது. ஒரு வட்டாரப் பாதையின் இழப்பை அரசு ஈடுகட்ட வேண்டுமானால், அந்தப் பாதை மக்கள் ஆண்டு முழுவதும் வாழும் ஊர்களை இணைக்க வேண்டும். குறைந்தது 100 பேராவது நிலையாக வாழும் குடியிருப்பு இருக்க வேண்டும் என்பது அதற்கான அளவுகோல்களுள் ஒன்று. காட்சி பார்ப்பதற்காக மட்டும் உச்சிக்கு ஏறும் பாதை இந்த வரம்புக்குள் வராது. அதன் கட்டுமானச் செலவு, பனி அகற்றும் செலவு, ஊழியர் சம்பளம் ஆகிய அனைத்தும் பயணியின் சீட்டுப் பணத்திலிருந்தே வர வேண்டும் என்பதால், அதை நடத்தும் நிறுவனம் தன் விலையைத் தானே வைத்துக்கொள்கிறது.

பெர்ன் மாநிலத்தின் மலைநாட்டுப் பகுதியில் இந்த எல்லையைத் தெளிவாகக் காணலாம். இன்டர்லாக்கன் நகரிலிருந்து ஏறும் பாதை ஒருபுறம் கிரிண்டல்வால்டுக்கும், மறுபுறம் லாட்டர்புருன்னன் வழியாக வெங்கன், மூரன் ஆகிய ஊர்களுக்கும் செல்கிறது. வெங்கனும் மூரனும் மோட்டார் வாகனம் நுழையாத ஊர்கள். அங்குள்ள பள்ளிப் பிள்ளைகள் முதல் மளிகைப் பொருள்கள் வரை அனைத்துக்கும் ரயிலும் கம்பிவட ஊர்தியுமே வழி என்பதால், இவ்வூர்கள் வரை பொதுக் கட்டணமும் பாஸ்களும் முழுமையாகச் செல்லும். இவற்றுக்கு மேலே, ஆண்டு முழுவதும் மக்கள் வாழும் ஊர் இல்லை. கடல் மட்டத்திலிருந்து 3454 மீட்டர் உயரத்தில், ஐரோப்பாவிலேயே உயரமான ரயில் நிலையமாக விளங்கும் யுங்ஃபிராவ்யோக் வரையிலான மேற்பகுதிக்குத் தனிவிலை தொடங்குவது அங்கேதான்.

தொழிலதிபர் அடால்ஃப் குயர்-செல்லர் 1893இல் திட்டமிட்டு, 1896இல் வேலை தொடங்கி, ஐகர், மோங்க் ஆகிய சிகரங்களின் பாறைக்குள் 7 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்துக்குச் சுரங்கம் குடைந்து அமைக்கப்பட்ட அந்தப் பாதை, அவர் 1899இல் இறந்த பின்னும் தொடர்ந்து கட்டப்பட்டு 1912 ஆகஸ்ட் 1 அன்று திறக்கப்பட்டது. இன்று இன்டர்லாக்கனிலிருந்து அங்கே சென்று திரும்பக் கோடைக்காலத்தில் ஒருவருக்கு 200 பிராங்கைத் தாண்டும் முழுக்கட்டணம் ஆகிறது. மூன்று நாள் பாஸின் விலைக்கு ஏறத்தாழ ஈடாகும் தொகை இது. கோடை, குளிர்காலம், இடைப்பருவம் எனப் பருவத்துக்கேற்ப இந்த விலை மாறும் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

செர்மாட் ஊரிலும் இதே அமைப்பைக் காணலாம். 1608 மீட்டர் உயரத்திலுள்ள அவ்வூர் வரை பாஸ் முழுமையாகச் செல்லும். அங்கிருந்து 3089 மீட்டர் உயரத்திலுள்ள கோர்னர்கிராட் முகட்டுக்கு 1898 முதல் ஏறும் மின்சாரப் பற்சக்கர ரயிலில் பாஸ் வைத்திருப்பவருக்குப் பாதிக் கட்டணச் சலுகை மட்டுமே கிடைக்கும். லூசர்ன் அருகே பிலாட்டஸ் மலையில் 1889 முதல் இயங்கும், உலகிலேயே மிகச் செங்குத்தான பற்சக்கர ரயிலிலும் அதே பாதிச் சலுகைதான்.

பற்சக்கர ரயில் என்பது, வழுவழுப்பான தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கிவிடும் அளவுக்குச் சரிவு கூடும்போது, இரு தண்டவாளங்களுக்கு நடுவே பற்களைக் கொண்ட மற்றோர் இரும்புச் சட்டத்தைப் பதித்து, எஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரம் அதைப் பற்றிக்கொண்டு ஏறுமாறு செய்யும் ஏற்பாடாகும். இத்தகைய மலை ரயில்களில் ஐரோப்பாவின் முதலாவது, நிக்லாஸ் ரிக்கன்பாக் என்ற பொறியாளரின் முறையில் 1871 மே மாதம் ஃபிட்ஸ்நாவ் ஊரிலிருந்து ரிகி மலைக்கு ஓடத் தொடங்கியது. மற்றொரு சுவிஸ் பொறியாளரான கார்ல் ரோமன் ஆப்ட் வகுத்த பற்சட்ட முறை நீலகிரி மலை ரயிலில் மேட்டுப்பாளையம்–குன்னூர் ஏற்றத்தில் இன்றும் பயன்படுகிறது. அப்பாதைக்கென விண்டர்தூர் நகரத் தொழிற்சாலை செய்தளித்த நீராவி எஞ்சின்களும் தமிழக வாசகர்களுக்கு அறிமுகமானவையே.

ரிகி மலை இந்தக் கட்டண எல்லைக்கு விதிவிலக்காகும். ரிகி, ஸ்டான்சர்ஹார்ன், ஸ்டூஸ் ஆகிய மூன்று மலைகளிலும் சுவிஸ் டிராவல் பாஸ் உச்சி வரை முழுமையாகச் செல்லும். ஆகவே எந்த உச்சி என்ற தேர்வே மொத்தச் செலவில் பாதியைத் தீர்மானித்துவிடுகிறது எனலாம்.

அரைக்கட்டண அட்டையும் பாஸும்

சுற்றுலாப் பயணி பயன்படுத்தக்கூடிய சலுகைகளில் முதன்மையானவை இரண்டு. ஒன்று, சுவிஸ் ஹாஃப் ஃபேர் கார்டு எனப்படும் அரைக்கட்டண அட்டை. ஒரு தொகையைக் கட்டி இதை வாங்கிக்கொண்டால், ஒரு மாத காலத்துக்கு ரயில், பேருந்து, ஏரிப் படகு ஆகியவற்றுடன் பெரும்பாலான மலை ரயில்களிலும் பாதிக் கட்டணத்தில் சீட்டு வாங்கலாம். அந்நாட்டுக் குடிமக்களுக்கென இத்தகைய அட்டை 1891ஆம் ஆண்டிலேயே அறிமுகமானது. இன்று மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் அது இருக்கிறது. முழுக்கட்டணம் அங்கே பெயரளவிலான விலையாக ஆகிப்போனதற்கு இதுவே காரணம். மற்றொன்று சுவிஸ் டிராவல் பாஸ். இதை வாங்கியவர் 3, 4, 6, 8 அல்லது 15 நாள்களுக்குத் தொடர்ச்சியாக, பொதுக் கட்டண வலையமைப்பிலுள்ள ரயில், பேருந்து, படகு, நகர டிராம் ஆகிய அனைத்திலும் சீட்டு வாங்காமலே பயணம் செய்யலாம். 500க்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்களிலும் நுழைவுக் கட்டணம் இல்லை. இவை இரண்டும் சுவிட்சர்லாந்துக்கும் லீக்டென்ஸ்டைனுக்கும் வெளியே வசிப்போருக்கு மட்டும் விற்கப்படுகின்றன.

2025ஆம் ஆண்டின் இரண்டாம் வகுப்புக் கட்டணப்படி, 3 நாள் பாஸின் விலை 244 பிராங்க். 15 நாள் பாஸின் விலை 459 பிராங்க். நாளொன்றுக்கு வகுத்துப் பார்த்தால் முன்னதில் 81 பிராங்குக்கு மேலும், பின்னதில் 31 பிராங்குக்குள்ளும் ஆகிறது. அதாவது, நீண்ட நாள் தங்குபவருக்கு மிக மலிவாக அமையும் இந்தப் பாஸ், குறுகிய பயணத்தில்தான் நாள் கணக்கில் மிக விலையுயர்ந்ததாக அமைகிறது. அதே ஆண்டில் அரைக்கட்டண அட்டையின் விலை 120 பிராங்கிலிருந்து 150 பிராங்காக உயர்ந்தது. எனவே, பயணத்தில் வாங்க வேண்டிய சீட்டுகளின் முழுக்கட்டணம் எல்லாம் சேர்ந்து 300 பிராங்கைத் தாண்டினால்தான் அந்த அட்டை தன் விலையை மீட்டுத்தரும்.

இவ்விரண்டில் எது ஆதாயம் என்பதை இந்த 2025 விலைகளைக் கொண்ட சிறு கணக்கால் அறியலாம். மூன்று நாளில், பாஸ் முழுமையாகச் செல்லும் வழிகளில் மட்டும் செய்யும் பயணங்களின் முழுக்கட்டணத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அரைக்கட்டண அட்டை வைத்திருப்பவருக்கு அந்தக் கூட்டுத்தொகையில் பாதியும் அட்டையின் விலையான 150 பிராங்கும் செலவாகும். பாஸ் வைத்திருப்பவருக்கு 244 பிராங்க் மட்டுமே. கூட்டுத்தொகை 188 பிராங்காக இருக்கும்போது இரண்டும் சமமாகின்றன. அதற்கு மேல் போனால் பாஸ் இலாபம், குறைந்தால் அட்டை இலாபம். நாளொன்றுக்குச் சராசரியாக 63 பிராங்க் அளவுக்குப் பயணம் செய்பவரா இல்லையா என்பதே இங்கு எழும் கேள்வி. தினமும் ஊர் மாறி, ஏரிப் படகிலும் ஏறி, ரிகி மலைக்கும் செல்பவர் இந்த அளவை எளிதில் கடந்துவிடுவார். லூசர்னிலிருந்து படகில் சென்று ரிகி ஏறித் திரும்பும் ஒரு நாள் பயணத்தின் முழுக்கட்டணமே 100 பிராங்கை ஒட்டி வரும். ஒரே ஊரில் தங்கி அக்கம்பக்கம் மட்டும் பார்ப்பவர் கடக்கமாட்டார்.

யுங்ஃபிராவ்யோக் பயணத் திட்டத்தில் இருந்தால் கணக்கு வேறுவிதமாகிறது. கிரிண்டல்வால்டுக்கோ வெங்கனுக்கோ மேலுள்ள பகுதியில் பாஸுக்குக் கிடைப்பது 25 சதவீதச் சலுகை மட்டுமே. அரைக்கட்டண அட்டைக்கோ 50 சதவீதம் கிடைக்கும். மேற்பகுதியின் முழுக்கட்டணம் 200 பிராங்க் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், பாஸ் வைத்திருப்பவர் 150 பிராங்கும் அட்டை வைத்திருப்பவர் 100 பிராங்கும் கட்ட வேண்டும். இந்த 50 பிராங்க் வேறுபாட்டை ஈடுகட்ட, மற்ற வழிகளில் செய்யும் பயணங்களின் மதிப்பு 188க்குப் பதிலாக 288 பிராங்கைத் தாண்ட வேண்டும். மூன்று நாளில் அவ்வளவு சுற்ற வேண்டுமானால் பகலில் பெரும்பகுதி வண்டியிலேயே கழிந்துவிடும். எனவே யுங்ஃபிராவ்யோக் ஏறியே தீர வேண்டும் என்று நினைக்கும் குறுகிய காலப் பயணிக்கு அரைக்கட்டண அட்டையும், ரிகி, லூசர்ன் ஏரி, நகரங்கள் என்று பரவலாகப் பார்க்க நினைப்பவருக்குப் பாஸும் பொதுவாகப் பொருந்தும். கோர்னர்கிராட், பிலாட்டஸ் ஆகியவற்றில் இரண்டுக்கும் ஒரே பாதிச் சலுகை என்பதால், அவை இந்த ஒப்பீட்டைப் பாதிப்பதில்லை.

குழந்தைகளுடன் செல்பவர்களுக்குச் சுவிஸ் ஃபேமிலி கார்டு என்ற இலவச அட்டை பெரும் சேமிப்பைத் தரும். பெற்றோரில் ஒருவர் பாஸோ அரைக்கட்டண அட்டையோ வாங்கியிருந்தால், 6 முதல் 15 வயது வரையுள்ள அவர்களுடைய பிள்ளைகள் உடன் வரும்போது கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பெரியவருடன் செல்லும்போது பொதுவாகவே சீட்டு தேவையில்லை. இந்த அட்டையைப் பாஸ் வாங்கும்போதே கேட்டுப் பெற வேண்டும். கேட்காதவருக்கு அது தானாகக் கிடைப்பதில்லை.

முன்கூட்டி வாங்கும் மலிவுச் சீட்டுகள்

பொதுக் கட்டணம் நாளுக்கு நாள் மாறாதது என்றாலும், காலியாக ஓடும் வண்டிகளை நிரப்புவதற்காக இரண்டு வகை மலிவுச் சீட்டுகளைக் குறைந்த எண்ணிக்கையில் ரயில்வே விற்கிறது. சூப்பர்சேவர் எனப்படும் சீட்டு, குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட நேரத்தில் புறப்படும் வண்டிக்கு மட்டும் உரியது; 70 சதவீதம் வரை தள்ளுபடி கிடைப்பதுண்டு. சேவர் டே பாஸ் எனப்படும் நாள்சீட்டு, எந்தத் தேதிக்கு வாங்கப்பட்டதோ அந்தத் தேதியில் நாடு முழுவதும் எங்கு வேண்டுமானாலும் செல்ல இடம்தருவது. பல மாதங்கள் முன்பே வாங்குபவருக்கு அது அண்மை ஆண்டுகளில் 52 பிராங்கிலிருந்தும், அரைக்கட்டண அட்டை உள்ளவருக்கு 29 பிராங்கிலிருந்தும் கிடைத்து வந்துள்ளது. பயண நாள் நெருங்க நெருங்க, மலிவான ஒதுக்கீடு தீர்ந்து விலை படிப்படியாக ஏறும்.

ஒரே நாளில் நெடுந்தூரம் சென்று திரும்பத் திட்டமிட்டுள்ளவருக்கு நாள்சீட்டைப் போல மலிவானது வேறில்லை. ஆனால் இவ்விரு வகைச் சீட்டுகளையும் நாள் மாற்றிக்கொள்ளவோ பணம் திரும்பப் பெறவோ இயலாது என்ற நிபந்தனை, மலைப் பயணத்தில் அற்பமானதன்று. ஆல்ப்ஸ் மலையில் காலையில் தெளிந்திருக்கும் சிகரம் நண்பகலில் மேகத்துக்குள் மறைந்துவிடக்கூடும். நாள் முழுவதும் மூடியே கிடப்பதும் உண்டு. ஆகவே விமான நிலையத்திலிருந்து தங்கும் ஊருக்குச் செல்வது, ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு இடம்பெயர்வது போன்ற, வானிலை எப்படி இருந்தாலும் செய்தே ஆக வேண்டிய பயணங்களுக்கு இந்த மலிவுச் சீட்டுகளைப் பயன்படுத்துவதும், உச்சிக்குச் செல்லும் சீட்டை மட்டும் அன்று காலை வானத்தைப் பார்த்த பின் வாங்குவதும் அறிவுடைமையாகும். பெரும்பாலான மலை நிறுவனங்கள் உச்சியில் பொருத்திய நேரலைக் கேமராக்களின் காட்சியை வெளியிடுவதால், விடுதியில் இருந்தபடியே இதைத் தெரிந்துகொள்ளலாம்.

கண்ணாடிக் கூரை வண்டிக்கு மாற்று

பெர்னினா எக்ஸ்பிரஸ், கிளேசியர் எக்ஸ்பிரஸ் ஆகிய பெயர்கள் சுற்றுலா விளம்பரங்களில் அடிக்கடி இடம்பெறுபவை. கூரை விளிம்பு வரை கண்ணாடி பதித்த பெட்டிகளைக் கொண்ட இவ்வண்டிகளில் பயணச்சீட்டு அல்லது பாஸுக்கு மேல் இருக்கை முன்பதிவுக் கட்டணம் ஒன்றைக் கட்டாயமாகச் செலுத்த வேண்டும். பருவத்துக்கேற்ப மாறும் இந்தக் கட்டணம் பாஸில் அடங்காது. ஆனால் இவ்வண்டிகளுக்கென்று தனித் தண்டவாளம் கிடையாது. உள்ளூர் மக்கள் வேலைக்கும் கடைக்கும் பள்ளிக்கும் செல்லும் சாதாரண வட்டார வண்டிகள் அதே பாதையில், அதே பாலங்களின் மீது நாள் முழுவதும் ஓடுகின்றன. அவற்றில் முன்பதிவும் இல்லை, கூடுதல் கட்டணமும் இல்லை.

கூர் நகரிலிருந்து சென்ட் மோரிட்ஸ் வழியாக இத்தாலியின் தீரானோ வரை செல்லும் பாதையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இவ்வழியிலுள்ள அல்புலா, பெர்னினா என்ற இரு பாதைகளும் சேர்ந்து 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. ஃபிலிசூர் ஊருக்கு முன்னால், 1902இல் கட்டி முடிக்கப்பட்ட லாண்ட்வாசர் பாலம் 65 மீட்டர் உயரத்தில் ஆறு வளைவுகளின் மேல் வளைந்து சென்று, நேராகச் செங்குத்துப் பாறையின் சுரங்க வாய்க்குள் நுழைகிறது. வண்டி அங்கே வளைவதால், பின்பெட்டிகளில் இருப்பவருக்கு எஞ்சின் பாறைக்குள் புகுவது சன்னல் வழியாகவே தெரியும். பெர்கூனுக்கும் ப்ரேடாவுக்கும் இடையே, நேர்த்தூரம் குறைவாகவும் ஏற்றம் 400 மீட்டருக்கு மேலாகவும் இருப்பதால், பாதை மலைக்குள்ளும் வெளியிலும் சுருள்சுருளாகச் சுற்றி ஏறுகிறது. சற்று முன் வலப்புறம் தெரிந்த தேவாலயக் கோபுரம் சற்று நேரத்தில் இடப்புறம் தாழத் தெரியும்.

1910இல் முழுமையடைந்த பெர்னினா பாதையில் பற்சட்டம் இல்லை. 1000 மீட்டர் தூரத்துக்குள் 70 மீட்டர் ஏறும் செங்குத்தான சரிவையும் சாதாரணச் சக்கரங்களைக் கொண்டே வண்டி ஏறி, 2253 மீட்டர் உயரத்திலுள்ள ஓஸ்பீசியோ பெர்னினா நிலையத்தைத் தொட்டு, பனியாற்றுக்கு எதிரே அமைந்த ஆல்ப் கிரூம் நிலையத்தைக் கடந்து, புரூசியோ ஊரில் ஒன்பது வளைவுகள் கொண்ட வட்டப் பாலத்தில் தன் பாதைக்கு அடியிலேயே தான் நுழைந்து, 429 மீட்டர் உயரத்திலுள்ள தீரானோவுக்கு இறங்குகிறது. சென்ட் மோரிட்ஸிலிருந்து தீரானோ செல்ல வட்டார வண்டிக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆகும். இத்தாலிக்குள் இருந்தாலும் தீரானோ நிலையம் வரை பாஸ் செல்லும்.

எக்ஸ்பிரஸ் பயணி இடையில் விரும்பிய இடத்தில் இறங்கிவிட்டு அடுத்த வண்டியில் ஏற இயலாது. அவருடைய முன்பதிவு அந்த ஒரு வண்டிக்கு மட்டுமே உரியது. வட்டார வண்டியிலோ ஆல்ப் கிரூமில் இறங்கி, பனியாற்றைப் பார்த்து, தேநீர் அருந்திவிட்டு, அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ளலாம். சிறு நிலையங்கள் சில கோரிக்கை நிறுத்தங்கள் என்பதால், இறங்க விரும்புபவர் பெட்டிக் கதவருகே உள்ள பொத்தானை முன்னதாகவே அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் வண்டி நிற்காமல் போய்விடும். வட்டார வண்டிகளின் சில பெட்டிகளில் சன்னலைத் திறக்க முடிவதால், கண்ணாடிப் பிரதிபலிப்பு இல்லாமல் படம் எடுக்கவும் முடிகிறது. 1930 முதல் ஓடும் கிளேசியர் எக்ஸ்பிரஸின் செர்மாட்–சென்ட் மோரிட்ஸ் வழியையும் ஆண்டர்மாட், டிசென்டிஸ் போன்ற ஊர்களில் வண்டி மாறி இவ்வாறே கடக்கலாம். எட்டு மணி நேரம் ஒரே இருக்கையில் அமர்ந்து, இருக்கைக்கே உணவு வரவழைத்து உண்டு செல்லும் வசதியை விரும்புபவர் கூடுதல் கட்டணம் செலுத்துவதில் தவறில்லை. அது காட்சிக்கான விலை அன்று, வசதிக்கான விலை என்று தெரிந்து செலுத்தினால் போதும்.

விடுதியும் வட்டாரமும் தரும் சலுகைகள்

தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே கவனிக்க வேண்டிய ஒன்று விருந்தினர் அட்டை. சுவிஸ் சுற்றுலா ஊர்கள் பலவற்றில், இரவு தங்குவோரிடம் வசூலிக்கப்படும் சுற்றுலா வரிக்கு ஈடாக, உள்ளூர்ப் பேருந்து அல்லது ரயிலில் இலவசப் பயணம் தரும் அட்டையை விடுதிகள் வழங்குகின்றன. நாட்டின் தெற்கேயுள்ள தீச்சீனோ மாநிலத்தில் தங்குபவருக்கு அளிக்கப்படும் தீச்சீனோ டிக்கெட், 2017 முதல் அம்மாநிலம் முழுவதும் பொதுப்போக்குவரத்தில் கட்டணமின்றிச் செல்ல உதவுகிறது. இத்தகைய ஊரில் தங்கிக்கொண்டு அதே நாள்களுக்குப் பாஸும் வாங்குவது, ஒரே பயணத்துக்கு இருமுறை பணம் கட்டுவதாகும். ஒரு வட்டாரத்தைவிட்டு வெளியே செல்லாமல் மலைகளை மட்டும் பார்ப்பவருக்கு, பெர்ன் மலைநாட்டுக்கும் மத்திய சுவிட்சர்லாந்துக்கும் தனித்தனியே உள்ள வட்டாரப் பாஸ்கள் பொருந்தும். நாடு தழுவிய பாஸில் சலுகை மட்டுமே கிடைக்கும் மலை ரயில்கள் பல அவற்றில் முழுமையாக அடங்குவதால், ஒரே வாரத்தில் பல உச்சிகளை ஏற விரும்புவோர் அவற்றையே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

1980களிலிருந்து இலங்கைத் தமிழர் பல்லாயிரக்கணக்கில் சுவிட்சர்லாந்தில் குடியேறியுள்ளதால், உறவினர் வீட்டில் தங்கி மலை பார்க்கச் செல்லும் தமிழர்களும் பலர். அங்கே குடியிருக்கும் உறவினரின் ஆண்டு அட்டை அவர் பெயருக்கே உரியது. விருந்தினர் அதைக் காட்டிப் பயணம் செய்ய முடியாது. வந்தவருக்குச் சுற்றுலாப் பயணிக்கான அட்டையும் வீட்டாருக்கு அவரவர் அட்டையும் என்று தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். வீட்டுப் பிள்ளைகளைத் தாத்தா பாட்டியோ சித்தப்பாவோ மாமாவோ அழைத்துச் செல்வதாக இருந்தால், பெற்றோருடன் செல்லும்போது மட்டும் பயன்படும் ஜூனியர் அட்டை போதாது. பெற்றோர் அல்லாத பெரியவருடன் செல்வதற்கென உள்ள குழந்தை உடன்பயண அட்டையைத் தனியாக வாங்க வேண்டும்.

எல்லைக்கு அப்பாலும் அதே விதி

ஆல்ப்ஸ் மலைத்தொடர் சுவிட்சர்லாந்துக்கு மட்டும் உரியதன்று. ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் விற்கப்படும் பயர்ன் டிக்கெட், ஐந்து பேர் வரையிலான குழு ஒரே சீட்டில் மாநிலம் முழுவதும் வட்டார வண்டிகளில் ஒரு நாள் செல்ல இடமளிக்கிறது. வேலை நாள்களில் காலை 9 மணிக்குப் பின்னரே அது செல்லுபடியாகும், விரைவு வண்டிகளில் செல்லாது என்பவை அதன் நிபந்தனைகள். மியூனிக் நகரிலிருந்து கார்மிஷ்-பார்டன்கிர்ஷன் மலையூருக்கும், எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகருக்கும் அதைக் கொண்டே செல்லலாம். ஆனால் கார்மிஷ் ஊரிலிருந்து 2962 மீட்டர் உயரமுள்ள சுக்ஷ்பிட்ச சிகரத்தை நோக்கி ஏறும் பற்சக்கர ரயிலுக்குத் தனிச்சீட்டு வாங்க வேண்டும். பிரான்சின் ஷமோனி பள்ளத்தாக்கில் தங்குபவருக்குத் தரப்படும் விருந்தினர் அட்டை, பள்ளத்தாக்கின் ஊர்களுக்கிடையே ஓடும் ரயிலில் கட்டணமின்றிச் செல்ல உதவும். அங்கிருந்து பனியாற்றுக்கு ஏறும் மோன்டன்வேர் ரயிலுக்குக் கட்டணம் தனி. நாடு மாறினாலும், மக்கள் வாழும் ஊர் வரை மலிவு, அதற்கு மேல் தனிவிலை என்ற விதி மாறுவதில்லை.

முடிவெடுக்கும் வரிசை

இதனால், சீட்டைத் தேர்ந்துவிட்டு அதற்கேற்பப் பயணத்தை வகுப்பது தலைகீழான முறை என்பது விளங்கும். முதலில் எந்த உச்சிக்கு ஏறுவது என்று முடிவுசெய்ய வேண்டும். குறுகிய பயணத்தில் தனிவிலை உள்ள உச்சி ஒன்று போதுமானது. அடுத்து, அந்த உச்சிக்குப் பாஸில் எவ்வளவு சலுகை, அரைக்கட்டண அட்டையில் எவ்வளவு சலுகை என்று பார்த்து, மீதமுள்ள பயணங்களின் முழுக்கட்டணத்தைக் கூட்டி, மேலே காட்டிய கணக்கை அவ்வாண்டு விலையில் போட்டுப் பார்க்க வேண்டும். விலைப்பட்டியல் அடிக்கடி மாறக்கூடியது என்றாலும், கணக்கிடும் முறை மாறாது. அதன் பின்னரே, நாள் உறுதியான நெடும்பயணங்களுக்கு மலிவுச் சீட்டு தேடுவதும், விடுதியின் விருந்தினர் அட்டையைச் சரிபார்ப்பதும் வர வேண்டும்.

உச்சிக்கு ஏறாதவர் ஆல்ப்ஸைப் பார்க்காதவர் ஆகிவிடமாட்டார் என்பதும் இங்கே சொல்லத்தக்கது. 1638 மீட்டர் உயரத்திலுள்ள மூரன் ஊரின் தெருவில் நின்றால் ஐகர், மோங்க், யுங்ஃபிராவ் ஆகிய மூன்று சிகரங்களும் எதிரே தெரிகின்றன; செர்மாட் ஊரின் பாலத்திலிருந்து மாட்டர்ஹார்ன் சிகரம் முழுமையாகத் தெரிகிறது. இவ்வூர்கள் வரை செல்லப் பொதுக் கட்டணமோ பாஸோ போதும். 200 பிராங்கைத் தாண்டும் உச்சிச் சீட்டு, பனிமேல் நடக்கவும் பனியாற்றை மேலிருந்து காணவும் விரும்புபவருக்கு அதன் விலைக்குரிய பயனைத் தரும். சிகரங்களைக் கண்ணாரக் கண்டால் போதும் என்பவர் அந்தத் தொகையை மிச்சப்படுத்திக்கொண்டு, கடைசி ஊரிலேயே இன்னுமோர் இரவு தங்கி வானம் தெளியக் காத்திருக்கலாம்.